எண்ணெய்க் கை

தனசேகரனுக்கு இருசாயியைக் கண்டாலே ஆகாது. அவள் முகத்தில் விழித்தால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். ஆனால் விழிக்காமல் இருக்க முடியுமா? மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவன் பஞ்சர் கடை. அந்தக் கடை வாசலில்தான் அவள் சாக்கை விரித்துப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருப்பாள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் தெரிவது அவள் முதுகுதான்.

சும்மா உட்கார்ந்திருந்தாலாவது போகிறது என்று விடலாம். தோலும் சுளை எடுத்த சடையும் குவிந்து கிடக்கும். ஈ மொய்க்கும். மலை பார்க்க வருகிற கார்க்காரர்கள் சுளை வாங்குகிறேன் என்று கடை வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போவார்கள். காற்றடிக்க வருகிறவன் வண்டியை எங்கே நிறுத்துவான், தனசேகரன் தலையிலா? போன சீசனில் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அவள் சாக்கைச் சுருட்டிச் சாக்கடையில் வீசிவிட்டான். விடுவாளா இருசாயி? பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கூடி வேடிக்கை பார்க்க, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

“கீழ இருந்து பொழைக்க வந்த பய, என்ற மண்ணுல என்னய எந்திரிக்கச் சொல்றியா? உன்ற காத்தடிக்கற மிசினு வெடிச்சுப் போகோணும்டா!”

மிஷின் வெடிக்கவில்லை. இருசாயியும் எழுந்துபோகவில்லை. மறுநாளே புதுச் சாக்கோடு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் காறித் துப்புவது மட்டும் நிற்கவில்லை.

அவள் சொன்னதில் ஒரு பாதி நிஜம். அவன் கீழ்க்காட்டுக்காரன்தான். அப்பா மருதாசலத்துக்குச் சேந்தமங்கலத்துப் பக்கம் குச்சிக்கிழங்குக் காடு இருக்கிறது. மண்வெட்டி பிடிக்க இவனுக்கு உடம்பு வணங்கவில்லை. மலையேறி வந்து ஒரு கம்ப்ரஸரை வாங்கிப் போட்டுக் கடை வைத்தான். அந்த வட்டாரத்தில் அவ்வளவு பெரிய கம்ப்ரஸர் வேறு யாரிடமும் இல்லை. லாரிக்காரன் முதல் சைக்கிள்காரன் வரை எல்லோரும் அவனிடம்தான் வந்து நிற்க வேண்டும். அந்தத் திமிரும் அவனுக்குக் கொஞ்சம் உண்டு.

தாய்க்காரியோடு நின்றிருந்தால் இந்தப் பகை ஒரு பலாச்சடைப் பகையாகவே போயிருக்கும். அவள் பெற்ற மகள் ஒருத்தி இருக்கிறாளே சுகந்தி, அவள்தான் தனசேகரன் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டினாள்.

விஷயம் இதுதான். தனசேகரனின் தங்கை ராதிகா மலைச் சைக்கிள் பந்தயக்காரி. பெரிய டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த சைக்கிளில் காட்டுப் பாதை, கல்லு, வேர், இறக்கம் என்று பார்க்காமல் ஓட்டுகிற பந்தயம் அது. மலையில் அவனோடுதான் தங்கியிருந்தாள்; அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். முதல் சைக்கிளைப் பழைய சாமான் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் அவன். விடிகாலைப் பனியில் அவள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பழகும்போது, பின்னாலேயே மொபெட்டில் லைட் அடித்துக்கொண்டு போனவன் அவன். மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள். ராதிகாவுக்கு இதுதான் கடைசி வருஷம். இதை விட்டால் வயசு தாண்டிப் பெரியவர்கள் பிரிவுக்குப் போய்விடுவாள், அங்கே எட்டிக்கூடப் பார்க்க முடியாது. சுகந்திக்கும் அதே கதை, அதே கடைசி வருஷம். அந்த ஒரு இடத்துக்கு இந்த இரண்டு பேர்தான் போட்டி.

சொல்ல வாய் கூசினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: சுகந்திதான் வேகம். மலைக்குள் இருக்கிற திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வளர்ந்த கால் அது. ஏற்றத்தில் மூச்சு வாங்காது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட மாட்டாள். ராதிகா முக்கி முக்கி ஓட்டினாலும் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் சுகந்திக்கு ஒரு கெரகம் இருந்தது. அவள் சைக்கிளில் ட்யூப் டயர். காப்பித் தோட்டத்து வேலி முள், பாதையில் வெட்டிப் போட்ட முள் எல்லாம் அவளுக்கென்றே காத்திருந்தது போலக் குத்தும். ஓட்டிப் பழகுகிற நாளில் பாதி நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஊடு போய்ச் சேர்வாள்.

ராதிகாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. போன மாசமே தனசேகரன் அவள் இரண்டு சக்கரத்தையும் உள்ளே ட்யூபே இல்லாத ட்யூப்லெஸ் ஆக்கிவிட்டான். ரிம்முக்கு உள்புறம் போக்ஸ் கம்பி ஓட்டைகளை எல்லாம் டேப் ஒட்டிக் காற்றுப் போகாமல் மூட வேண்டும். டயருக்குள் சீலன்ட் என்று வெள்ளையாய் ஒரு பால் ஊற்ற வேண்டும். அப்புறம் முள் குத்தினால் அந்தப் பால் ஓடிவந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவளுக்குக் குத்தினதுகூடத் தெரியாது. எல்லாம் அந்த டேப்பில்தான் இருக்கிறது. தங்கைக்குச் செய்தபோது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ரிம்மை ஸ்பிரிட்டில் துடைத்து, காயவைத்து, மறுபடி துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். சாமிக்குச் செய்கிற மாதிரிச் செய்தான்.

அந்தத் தங்கையே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அண்ணா, சுகந்தி ட்யூப்லெஸ் சாமான் வாங்கிட்டா. முன் சக்கரத்துக்கு மட்டும்தான். காத்து அடிக்க உன்ற கடைக்குத்தான் வரோணும். செஞ்சு குடுத்துரு.”

தனசேகரன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். “உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? அவளுக்கு முள்ளு குத்தலேன்னா உனக்கு எடம் இல்லடி. அவ ஆத்தா என்னய என்ன பேச்சுப் பேசுனா தெரியுமா?”

“அது உனக்கும் அவிங்களுக்கும். என்னய எதுக்கு அதுல இழுக்கற? ரெண்டு வருசமா நானும் அவளும் ஒண்ணாத்தான் ஓட்டறோம். முள்ளு குத்தி அவ தோத்தா நான் ஜெயிச்சதா ஆகுமா?”

“நீ பெரிய தர்மப்பிரபுதான், போ.”

“நீ செஞ்சு குடு. இல்லாட்டி என்ற சக்கரத்தையும் ட்யூபுக்கு மாத்திருவேன், பாத்துக்க.”

செய்வாள். பிடித்தால் பிடித்ததுதான் என்கிற புத்தி அவர்கள் குடும்பத்துக்கே உண்டு. அவன் முனகிக்கொண்டே கை கழுவினான்.

தேர்வுப் பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சுகந்தி வந்தாள். சைக்கிளைக் கடைக்கு வெளியிலேயே சாய்த்து வைத்துவிட்டு, முன் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அம்மாவோடு பழம் அறுத்த பாவாடை; அதில் பலாப்பால் கறை.

“ஏனுங்கண்ணா, ராதிகா சொன்னாளுங்களா?”

“சொன்னா, சொன்னா.” அவன் ஒரு லாரி டயரை நெம்பிக்கொண்டே தலையைத் தூக்காமல் பேசினான். “பாத்தீல்ல, எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்குது. டேப்ப நீயே ஒட்டு. பாலையும் நீயே ஊத்து. காத்து மட்டும் நான் அடிக்கறேன்.”

“எனக்குப் பழக்கமில்லீங்களே.”

“ரேஸ் ஓட்டத் தெரியுது, டேப் ஒட்டத் தெரியாதா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசல் ஓரமாகக் கீழே உட்கார்ந்தாள். வெளியே சாக்கில் உட்கார்ந்திருந்த இருசாயி இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, “ஒட்டுடி, அவன் கை பட்டாத்தான் வெளங்காது” என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். தனசேகரன் ரோட்டைப் பார்த்தே துப்பினான்.

சுகந்தி ட்யூபை உருவிப் போட்டாள். ரிம்மைப் பாவாடையில் துடைத்தாள். சீலன்ட் பாட்டிலைத் திறந்து எப்படி இருக்கிறது என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். வெள்ளையாய், கொழகொழவென்று, இழுத்தால் நூல் விட்டது.

“அய்யய்ய, நம்ம பலாப்பாலு மாதிரியே இருக்குது” என்று சிரித்தாள்.

சிரித்தபடியே அவள் கை பின்னால் நீண்டது. அம்மாவின் சாக்கு ஓரத்தில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தது. உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையிலும் விரல் இடுக்கு விடாமல், மணிக்கட்டு வரைக்கும் பரபரவென்று தேய்த்துக்கொண்டது. அவள் யோசித்துச் செய்யவில்லை. பழம் அறுக்கிற ஊட்டில் பிறந்தவள். பிசுபிசுவென்று வெள்ளைப் பாலைக் கண்டால் கை தானாக எண்ணெய்க்குப் போகும். எண்ணெய் தடவாமல் பலாவைத் தொட்டால் ஒரு நாள் பூராவும் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு அல்லாட வேண்டும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த எண்ணெய்க் கையோடேயே டேப் சுருளை எடுத்து, நுனியைப் பிரித்து, ரிம்மில் வைத்து ஒட்ட ஆரம்பித்தாள்.

தனசேகரன் பார்த்தான்.

லாரி டயரை நெம்புகிற கம்பி கையில் அப்படியே நின்றது. அட கிறுக்கி, எண்ணெய் பட்டால் டேப் எப்படிடி ஒட்டும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஸ்பிரிட் பாட்டில் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வேஸ்ட் துணி அதன்மேலேயே கிடந்தது. எடுத்து வீசினால் போதும். அவள் துடைத்துக்கொண்டு மறுபடி ஒட்டுவாள். ஒரு வார்த்தை. அதற்கு மேல் வேண்டாம்.

அப்போது வெளியே இருசாயி ஒரு கார்க்காரரிடம், “இங்கயே நிறுத்துங்க சாமி, ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்” என்று கத்தினாள். கார் வந்து கடை வாசலை அடைத்து நின்றது.

தனசேகரன் வாயை மூடிக்கொண்டான். குனிந்து லாரி டயரை நெம்பினான். நான் என்ன பண்ணினேன், ஒட்டுவது அவள், எண்ணெய் தடவியது அவள், நானா தடவச் சொன்னேன் என்று அவன் மனசு தானாகவே கணக்காகப் பேச ஆரம்பித்துவிட்டது. அதில் அவனுக்கு ஒரு சுகம்கூட இருந்தது, மறைப்பானேன்.

டேப் ஒட்டி, வால்வு மாட்டி, டயரை ஏற்றி, வால்வு வழியாகப் பாலை ஊற்றி அவள் நீட்டினாள். அவன் டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸர் குழாயை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினான். டயர் ரிம்மில் ‘டப், டப்’ என்று போய் உட்கார்ந்தது. சுகந்தி துள்ளிக் குதித்தாள்.

“உக்காந்துருச்சுங்கண்ணா! எவ்வளவு டைட்டா இருக்குது பாருங்க!”

“ம். கொண்டு போ.”

“ரொம்ப நன்றிங்கண்ணா. அம்மா பேசுனதயெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க.”

அந்த நன்றி அவனுக்கு மிளகாய் கடித்த மாதிரி இருந்தது. லாரி டயர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் காப்பித் தோட்டத்து மேட்டில் கூட்டம். வளைவுக்கு வளைவு கயிறு கட்டி, சில்வர் ஓக் மரங்களில் அம்புக்குறி தொங்கவிட்டிருந்தார்கள். தேர்வு நடத்த நாமக்கல்லிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் பூபதி, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ராதிகாவும் சுகந்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருத்தி தண்ணீர் பாட்டிலில் இன்னொருத்தி குடித்துக்கொண்டிருந்தார்கள். தனசேகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுகந்தி அவனைப் பார்த்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்தாள். “ஏனுங்கண்ணா, காலையில பாத்தா முன் சக்கரத்துல காத்து கொஞ்சம் எறங்கி இருந்துச்சுங்க. பம்ப் வெச்சு அடிச்சுக்கிட்டேன். பரவால்லீங்களா?”

ராதிகாவும் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

நேற்று வாயை மூடிக்கொண்டதற்காவது வேலை மும்முரம் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். இப்போது என்ன சாக்கு? இன்னும் ஒருத்தரும் கிளம்பவில்லை. பழைய ட்யூபைப் போட்டுக்கொண்டு ஓட்டு என்று சொல்லிவிட்டால், முள் குத்தினாலும் குத்தலாம், குத்தாமலும் போகலாம். ஆனால் இறக்கத்தில் சக்கரம் வாரிவிடாது. அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு இடம்.

“புதுசுல அப்பிடித்தான் சித்தெ எறங்கும்” என்றான். “பால் ஓடிச் செட்டாகோணும்ல. ஒண்ணும் ஆகாது, போ.”

“அப்பச் சரிங்க” என்று அவள் நிம்மதியாகப் போய் வரிசையில் நின்றாள். ராதிகாவும் சரி என்று தலையாட்டினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு அதுதான் வேதவாக்கு.

விசில் ஊதியது. மேட்டின்மேல் நின்று பார்த்தால் பாதை பாதிக்கு மேல் தெரியும். முதல் சுற்று முடிந்து வரும்போதே சுகந்தி முன்னால் இருந்தாள், ராதிகா அவளுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு. மற்றவர்கள் எங்கேயோ கிடந்தார்கள். சுகந்தியின் முன் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான் தனசேகரன். போக்ஸ் கம்பிகளின் அடியில் வெள்ளை வெள்ளையாய்க் கசிந்திருந்தது. டேப் தூக்கிவிட்டது. இரண்டாவது ஏற்றத்தில் அவள் இன்னும் இடைவெளியைக் கூட்டினாள். “என்ற மக! என்ற சாமி!” என்று இருசாயி மாராப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கத்தினாள்.

அப்புறம் இறக்கம். கல் கட்டு ஓரமாகப் பாதை சடாரென்று இடதுபக்கம் திரும்புகிற இடம். மற்றவர்கள் பிரேக் பிடிக்கிற இடம், சுகந்தி பிடிக்காத இடம். அவள் வண்டியைச் சாய்த்தாள். காற்று இறங்கிக் கிடந்த டயர் ரிம்மை விட்டு அப்படியே கழன்று, பால் தெறிக்க, சக்கரம் வழுக்கியது. அவள் கல் கட்டில் போய் விழுந்த சத்தம் மேடு வரைக்கும் கேட்டது.

தனசேகரன் கயிற்றுப் பக்கம் இரண்டு எட்டு ஓடி நின்றான். வண்டி நின்றுவிடும், தள்ளிக்கொண்டு வருவாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தானே தவிர, இதை நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். பஞ்சர் கடை வைத்திருக்கிறவனுக்கு முன் சக்கரம் போனால் என்ன ஆகும் என்று தெரியாதா?

பின்னால் வந்த ராதிகா பிரேக்கைப் பிடித்து நின்றாள். “அடிபட்டுருச்சாடி?”

சுகந்தி மோவாயில் ரத்தம் ஒழுக எழுந்து நின்றாள். “போடி! நிக்காத, போ!” என்று கத்தினாள்.

ராதிகா போனாள். ஜெயித்தாள். கடைசியில் எல்லோரும் வந்து சேர்ந்தபிறகு, முழங்கால் கிழிந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக சுகந்தி முடிவுக் கோட்டைத் தாண்டினாள். சைக்கிளைக் கீழே போட்டாள். நேராகத் தனசேகரனிடம் வந்தாள்.

“என்னத்தப் பண்ணி வெச்சீங்க என்ற வீல?”

கூட்டம் திரும்பியது. இருசாயி பாய்ந்து வந்தாள். “நான் சொன்னனே, அவன் கை பட்டா வெளங்காதுன்னு! என்ற புள்ளய கொல்லப் பாத்துட்டானே பாவி! தங்கச்சிக்காகப் பண்ணிப்போட்டான், கேளுங்க சார், கேளுங்க!”

பூபதி புருவத்தை நெரித்துக்கொண்டு தனசேகரனைப் பார்த்தார். “என்னங்க இது?”

தனசேகரனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பயந்தவனுக்கு வருகிற கோபம், ரொம்பச் சத்தமாக வரும். “ஆத்தாளும் மகளும் கூடிக்கிட்டு நாடகமா போடறீங்க? நான் உன்ற வீலத் தொட்டனா? சொல்லு, தொட்டனா? டேப் ஒட்டுனது நீ, பால் ஊத்துனது நீ. காத்து அடிச்சது மட்டும்தான் நான். எண்ணெக் கையோட ஒட்டுனா டேப்பு எப்பிடி நிக்கும்? கழட்டுங்க! எல்லாரும் பாக்கட்டும்!”

பூபதியே உட்கார்ந்து கழற்றினார். டயரைப் பிரித்தால் டேப் வளைவு வளைவாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதை உரித்துப் பார்த்தார், விரலில் தேய்த்தார், மோந்து பார்த்தார்.

“தேங்கா எண்ணெய்” என்றார். டேப்பின் அடியில் ஐந்து விரலும் அச்சாகத் தெரிந்தது. சின்ன விரல்கள். பொம்பளைப் பிள்ளையின் விரல்கள்.

சுகந்தி தன் கையை விரித்துப் பார்த்தாள். அப்புறம் முகம் கோணிக்கொண்டது. “நான்தான்” என்றாள். “நான்தாம்மா தடவுனேன். பாலப் பாத்ததும் தடவிப்போட்டேன்.”

“என்ற எண்ணெயா?” என்றாள் இருசாயி. “என்ற பாட்டில் எண்ணெயாடி உன்னயக் கெடுத்துச்சு?” தலையில் அடித்துக்கொண்டாள்.

சுகந்தி தனசேகரனைப் பார்த்து, “தெரியாம பேசிப்போட்டேனுங்க, மன்னிச்சுக்கங்கண்ணா” என்றாள்.

“இனிமேலாவது நாக்க அடக்கிப் பேசுங்க” என்றான் அவன். இருசாயி மண்ணை வாரித் தூற்றிய அன்றிலிருந்து இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தான். பூபதி அவன் தோளைத் தட்டினார். தப்பு ஓட்டியவளுடையது, முடிவு முடிவுதான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ராதிகாவுக்கு மாலை போட்டார்கள். மாலையோடு அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்கு வரும்வரை அவன்தான் பேசிக்கொண்டே வந்தான். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், மாநிலப் போட்டிக்கு டயரை மாற்ற வேண்டும் என்று என்னென்னவோ. கடைக்குள் வந்ததும் அவள் மாலையைக் கழற்றி லாரி டயர்மேல் வைத்தாள்.

“அண்ணா, டயரக் கழட்டறதுக்கு முன்னாலயே எண்ணெக் கைன்னு சொன்னியே. உனக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் சட்டைப் பையில் எதையோ தேடினான். “அது… பாத்தேன். தடவறதப் பாத்தேன்.”

“எப்ப?”

“ஒட்டறப்பத்தான். அதுக்கு நான் என்ன பண்றது? நானா தடவச் சொன்னேன்? நான் ஒண்ணுமே பண்ணல, ராதிகா.”

“ஒண்ணுமே பண்ணல. சரி. காலையில வந்து கேட்டாளே, காத்து எறங்குதுன்னு. எனக்குப் பக்கத்துல நின்னுதானே கேட்டா? அப்ப என்ன சொன்ன?”

அவன் கீழே கிடந்த வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

“நானும் தலையாட்டுனேன், அண்ணா. நீ சொல்றீன்னு நானும் அவகிட்டத் தலையாட்டுனேன்.” அவள் அவனுக்கு நேரே வந்து நின்றாள். “கல்லுல அவ தலை பட்டிருந்தா?”

“எல்லாம் உனக்காகத்தான்டி பண்ணுனேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ராதிகா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். பூபதி கிளம்புவதற்குள் ஓடிப்பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, ஒட்டினது அந்தப் பெண்தானே, பார்த்துக்கொண்டு நின்றவனைப் பிடித்து நான் என்ன செய்ய முடியும், பேர் அனுப்பியாகிவிட்டது என்று ஜீப்பில் ஏறிவிட்டார். அங்கிருந்து சுகந்தி ஊட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது கண் வீங்கியிருந்தது.

“அவகிட்டயும் சொல்லிப்போட்டேன்” என்றாள்.

தனசேகரன் பயந்துபோய், “என்ன சொன்னா?” என்றான்.

“ஒண்ணும் சொல்லல. என்ற மூஞ்சியிலயே கதவச் சாத்திக்கிட்டா.”

மறுநாள் காலையில் அவன் ஷட்டரைத் தூக்கியபோது, ராதிகா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டிருந்தாள். டயரைப் பிரித்து உள்ளே இருந்த பாலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டிய டேப்பைக் கிழித்து உரித்தாள். நன்றாக ஒட்டியிருந்தது, அவளுக்கு நகம் பேர்ந்தது. அப்புறம் இரண்டு பழைய ட்யூபை எடுத்து உள்ளே வைத்தாள்.

“என்னடி பண்ற? மாநிலப் போட்டியிலயும் முள்ளு இருக்கும்டி.”

“குத்துனா எறங்கி ஒட்டிக்குவேன்.”

“கோவத்த என்ற மேல காட்டு, சக்கரத்து மேல காட்டாத.”

“உன்ற கை பட்ட சக்கரத்த நம்பி என்னால எறக்கத்துல எறங்க முடியாதுண்ணா. எனக்கும் ஒரு நாளைக்கு எதயாச்சும் பாத்துப்போட்டு நீ சும்மா இருந்துக்குவ.”

“உனக்கா? நான் உனக்கு அப்பிடிப் பண்ணுவனா?”

அவள் டயரை ரிம்மில் ஏற்றி அமுக்கினாள். அவன் கம்ப்ரஸர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நீட்டினான். குழாயிலிருந்து புஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பம்பை எடுத்து, இரண்டு சக்கரத்துக்கும் அவளே அடித்தாள். துணிமணி இருந்த பையை முதுகில் மாட்டினாள். அப்பா ஊட்டுக்குப் போகிறேன், அங்கிருந்தே பழகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள். முதல் வளைவு வரைக்கும் தெரிந்தாள்.

தனசேகரன் குழாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். கூப்பிட்டுச் சண்டை போடவாவது யாராவது இருந்தால் தேவலை என்று இருந்தது. இருசாயி வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. தன் எண்ணெய்தான் மகளைக் கெடுத்தது, இனி அந்த மண்ணில் உட்கார மாட்டேன் என்று சாக்கைச் சுருட்டிக்கொண்டு அருவிக்குப் போகிற ரோட்டுக்கு இடம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். மகள் உண்மையைச் சொன்ன பிறகும் அப்படித்தான் சொல்கிறாளாம்.

கடை வாசல் சுத்தமாக, காலியாகக் கிடந்தது. சடையும் இல்லை, ஈயும் இல்லை, காரும் இல்லை. அவன் இத்தனை நாளாகக் கேட்டது அதைத்தான்.